இரண்டாவது ஆம்ப்ளிஃபயர்

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், என் வீட்டில். கதை விடுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஏற்கெனவே கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பெட்டியை விற்ற வியாபாரி மேல் கோபம். அதை வாங்கி வந்த மச்சான் மேல் கோபம். இன்னொரு ஆள் மேலும் உண்டு… அந்த ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம், அதாவது வீட்டிலேயே வயர்லெஸ் வைத்து ஊர் உலகத்தோடு பேசுவது. புயல், வெள்ளம் என்று ஃபோன் எல்லாம் செத்துப்போகும் நாட்களில் எங்களைப் போன்றவர்களின் ரேடியோதான் பேசும். அதற்காக எங்கள் கிளப், சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்க முடிவு செய்தது. ஆயிரத்து ஐந்நூறு வாட், தானே ட்யூன் செய்துகொள்ளும் ரகம். இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டு எது நல்லது என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் பெட்டி புத்தம் புதுசு, கம்பெனியே பரிசோதனைக்குக் கொடுத்தது. இரண்டாவது, என் மனைவியின் தம்பி ஒரு பழைய சாமான் வியாபாரியிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்தது.

"ஒரு டாக்டர் வெச்சிருந்தது மாமா. பூ மாதிரி வெச்சிருந்திருக்கார்."

"அப்புறம் ஏன் வித்தார்?"

"அதெல்லாம் நான் கேக்கலை."

கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இந்தப் பெட்டிகள் செய்வது இதுதான். மொட்டை மாடியில் கட்டியிருக்கும் ஆன்டெனா கம்பி எல்லா அலைவரிசைக்கும் பொருந்தாது. பொருந்தாவிட்டால், அனுப்பும் பவரில் ஒரு பங்கு திரும்பி வந்து பெட்டியையே பொசுக்கிவிடும். அதனால் பெட்டிக்குள் இருக்கும் குட்டி குட்டி சுவிட்சுகள் டகடகவென்று மாறி மாறி விழுந்து, கம்பிக்குப் பொருந்துகிற இடத்தைத் தேடும். கண்டுபிடித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தேடாது. ஒரே ஒரு டக்.

2:10. முதல் பெட்டி. ஒன்பது விநாடி டகடக. ஃபேன் சத்தத்தில் காது கிழிந்தது. சூடும் அதிகம். ஆனால் ஒழுங்காகப் பொருந்தியது.

2:35. இரண்டாவது பெட்டி. ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்று, அதன் பழைய நினைவு முழுவதையும் அழித்தேன். மச்சான் பக்கத்தில் நின்று பார்த்தான். ட்யூன் பட்டனை அழுத்தினேன்.

டக்.

தேடவே இல்லை. நேராக ஓர் இடத்துக்குப் போய் நின்றது. அதுவும் தப்பான இடம். திரும்பி வரும் பவரைக் காட்டும் முள் எகிறியது. மறுபடி அழித்தேன். மறுபடி டக். அதே தப்பான இடம். ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை. எனக்கு மண்டை கொதித்தது.

"யாருக்கும் வேண்டாத ஓட்டைப் பெட்டியைக் கிளப் தலையில கட்டப் பாக்கறியா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்க கம்பிதான் சரியில்லை."

"இருபது வருஷமா நிக்கிற கம்பிடா அது!"

"எதையாவது உங்க தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்கீங்களா மாமா? அக்கா உங்களோட எப்படித்தான்…"

"வாயை மூடு. வெளியே போ."

போனான்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாடியில் கம்பியைத் தொடப் போகிறவன், பெட்டியின் பவர் கார்டை, அதாவது கரண்ட் வயரைப் பிடுங்கிக் கையோடு கொண்டுபோக வேண்டும். கார்டு அவன் கையில் இருந்தால் கீழே எவனும் பட்டனை அழுத்திவிட முடியாது. இப்போது கார்டு பெட்டியிலேயே இருந்தது. அதனால் தெருவுக்குப் போயிருப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

3:46. கிறீச்… எங்கேயோ ஒரு கதவு. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3:49. பட்டன் மேல் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. சத்தியமாக அழுத்தவில்லை.

டக்.

முள் மெல்ல மெல்ல இறங்கியது. பூஜ்யம். இவ்வளவு நேரம் தப்பாக இருந்த அதே இடம், இப்போது கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

முள் லேசாக நடுங்கியது.

கம்பியோடு பழகியவர்களுக்குத் தெரியும். மனிதக் கை பட்டால் கம்பியின் கணக்கே மாறிவிடும். முள் இப்படித்தான் நடுங்கும்.

யாரோ கம்பியைப் பிடித்திருக்கிறார்கள்…

கார்டைப் பிடுங்கினேன். பெட்டி அணைந்தது. கார்டோடு மாடிக்கு ஓடினேன்.

மச்சான் நின்றிருந்தான். வலது கையில் கம்பி. முகத்தில் ரத்தமே இல்லை.

"விடுடா!"

"விட முடியலை மாமா…"

"விடுடாங்கறேன்!"

"யாரோ… என் கைமேல கை வெச்சு… அழுத்திப் பிடிச்சிருக்காங்க…"

அங்கே எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

கீழே ஒரு சத்தம்.

உய்ய்ய்ங்…

ஃபேன். பெட்டி ஓடுகிறது.

கார்டு என் கையில்.

அவன் விரல்களைப் பிரித்தேன். ஒன்று. இரண்டு. ஐஸ் மாதிரி இருந்தன. மூன்று. நான்கு…

டக்.

கடைசி விரல் விலகியது. கம்பியில் நீலமாக ஒரு பொறி பறந்தது.

மணி 3:52.

மச்சான் பிழைத்துக்கொண்டான். அவன் புறங்கையில் விரல் தடங்கள் மூன்று நாள் இருந்தன. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவை இன்னும் நீளமான விரல்கள்.

மறுநாள் வியாபாரிக்கு ஃபோன் போட்டேன். முதலில் மழுப்பினான். நான் போட்ட சத்தத்தில் எல்லாவற்றையும் கக்கினான்.

டாக்டர் மாடியில் கம்பியைப் பிடித்தபடி ஒரு முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். கீழே ஒருவர் ட்யூன் பட்டனை அழுத்திவிட்டார். பெட்டி, கம்பியையும் அதைப் பிடித்திருந்த மனிதரையும் சேர்த்து அளவெடுத்து, கச்சிதமாகப் பொருந்தி, முழுப் பவரையும் அனுப்பியிருக்கிறது. மதியம் 3:52.

"அந்த ட்யூனிங்தான் கடைசியா சேவ் ஆகியிருந்தது சார். அவர் சம்சாரம் அழுதாங்கன்னு மெமரி சிப்பையே கழட்டிக் குடுத்துட்டோம். இனிமே அந்தப் பெட்டிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது."

ஃபோனைக் காதில் வைத்தபடியே பெட்டியின் மூடியைத் திறந்தேன். சிப் இருக்க வேண்டிய இடம் காலி.

கிளப்பில் என் முடிவைக் கேட்கிறார்கள். முதல் பெட்டியையே வாங்கித் தொலையுங்கள். ஒன்பது விநாடி அது டகடகவென்று கத்தட்டும். எனக்கு அந்தச் சத்தம் போதும்.

வியாபாரியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்.

"பட்டனை அழுத்தினது யாரு?"

"அவரோட அக்கா வீட்டுக்காரர் சார். அன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஏதோ வாய்த்தகராறாம். டாக்டர் மேல போனதே தெரியாது, கதவுச் சத்தம் கேக்கவே இல்லைன்னு போலீஸ்ல சொன்னாராம்."

ஃபோனை வைத்தேன்.

எங்கள் வீட்டில் கிறீச்சிடும் கதவு ஒன்றே ஒன்றுதான். மொட்டை மாடிக் கதவு.

அவன் மேலே போனது கேட்கவில்லையா என்று அன்று என் மனைவி கேட்டாள். கேட்கவில்லை என்றுதான் நானும் சொன்னேன்.