பறியைப் பல்லில் கடித்திருந்த படம்

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். மார்கழி முடிகிற சமயம், விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஏரித் தண்ணீர் தாடையைத் தொடும்படி அண்ணி குனிந்து நிற்கிறாள். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கின்றன. பிடிபட்ட இறாலைப் போட்டுக்கொள்ளும் பறியை, பனையோலையில் பின்னிய அந்தச் சின்னப் பையை, விளிம்போடு பல்லில் கடித்திருக்கிறாள். கைகள் வேலையாக இருக்கும்போது பறியைப் பல்தான் தூக்க வேண்டும். நான் படகிலிருந்து கூப்பிட்டேன். வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும் என்பதால் கண்ணை மட்டும் உயர்த்தி, என்ன என்று கேட்பது போலப் பார்த்தாள். அந்த நொடியில் கைபேசியைத் தட்டினேன். அதைவிட நல்ல படம் ஒன்றை நான் எடுத்ததில்லை. எடுக்காமலே இருந்திருக்கலாம்.

அண்ணி சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்திலிருந்து பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரம் தீவுக்கு வாழ வந்தவள். எங்கள் வீட்டில் படகும் வலையும் உண்டு. அவள் பிறந்த வீட்டில் இரண்டும் கிடையாது, கையால் தடவி இறால் பிடித்தே பிழைத்தவர்கள். கல்யாணத்தின்போது எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். வந்த மூன்றாம் நாளே அண்ணி பறியோடு ஏரியில் இறங்கினாள். நைனா தடுத்தபோது, "ஒங்க வலைக்கு ஓட்ட வுழும் மாமா, என் கைக்கு வுழாது" என்றாள். நைனாவே சிரித்துவிட்டார். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள். பன்னிரண்டாவது முடித்ததும் என்னைப் பொன்னேரி கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் இழுத்துக்கொண்டிருந்த பேச்சை முடித்து வைத்ததும் அவள்தான். "அவ போவட்டும். வூட்டு வேல நான் பாத்துக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். மூன்று வருஷம் என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தாள். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பிறருடைய வலைத்தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவது அங்கே எங்கள் வேலை. ஒருவர் கைபேசியில் எதையாவது தேடினால் வரிசையாகப் பல பெயர்கள் வரும், முதல் நாலைந்துக்குக் கீழே அநேகம் பேர் போவதில்லை. பக்கம் திறக்கத் தாமதமானால் அதற்கும் காத்திருக்க மாட்டார்கள். ஜனங்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்கள் கேட்டதற்குப் பதில் இருக்கும்படி பக்கத்தை எழுதி, சின்னத் திரையிலும் சட்டென்று திறக்கும்படி செய்து தர வேண்டும். இதை வீட்டில் விளக்கியபோது அண்ணி யோசித்துவிட்டு, "அப்ப நீயும் வலதான் போட்ற. மாட்றது மீனில்ல, மனுசன்" என்றாள்.

அவளுக்கும் ஒரு யோசனை இருந்தது. கரையில் வியாபாரி சொல்வதுதான் இறாலுக்கு விலை. பட்டணத்தில் வாங்குகிறவர்கள் நேராகத் தங்களிடமே பேசினால் என்ன என்று கேட்டாள். அவளோடு ஏரியில் இறங்கும் இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரம் லீவு போட்டு அவர்களுக்காக ஒரு தளத்தைச் செய்தேன். என் ஆபீஸ் கணினியில் அது அழகாக இருந்தது. அண்ணியின் கைபேசியில் திறக்கவே இல்லை. தீவில் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிர்ஷ்டம். படங்களைச் சுருக்கினேன், அலங்காரங்களை எல்லாம் எடுத்தெறிந்தேன். அதற்குப் பிறகு திறந்தது. அண்ணி ஏரியிலிருந்து வந்த ஈரத்தோடு வாங்கிப் பார்த்தாள். "இன்னாடி இது, எறும்பு ஊர்றாப்ல இக்குது எழுத்து. ஒண்ணத் தொட்டா இன்னொண்ணுக்குப் போவுது" என்று திருப்பிக் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினேன். போன் நம்பரை, ஈர விரல் பட்டாலும் தவறாத அளவுக்குப் பச்சை நிறப் பட்டையாகக் கீழே வைத்தேன். ஆபீசில் எவ்வளவோ பேர் சோதித்துச் சொல்வதை அண்ணி இரண்டு வரியில் சொன்னாள்.

பழவேற்காட்டை யாரும் ஒரே மாதிரி தேடுவதில்லை. தமிழில் எழுதுகிறவர்கள், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறவர்கள், வெள்ளைக்காரன் வாயில் திரிந்த பெயரை இன்னும் திரித்துப் போடுகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். அத்தனைக்கும் அந்தப் பக்கத்தில் இடம் வைத்தேன். ஏரி இறாலுக்கும் பண்ணை இறாலுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. அண்ணியைப் பேசச் சொல்லி அப்படியே எழுதிக்கொண்டேன். "பண்ண எறா பள்ளிக்கூடத்துல நிக்க வச்சாப்ல எல்லாம் ஒரே அளவா இக்கும். ஏரி எறா சின்னதும் பெருசுமாத்தான் வரும். தலையப் புடிச்சித் தூக்குனா ஒடம்பு தொங்கிப் போவக் கூடாது." இந்த வார்த்தைகளும், முகப்பில் பறியைக் கடித்த அந்தப் படமும், சில வாரங்களில் தளத்தை முதல் இடத்துக்குக் கொண்டுபோயின. மாதவரத்திலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் போன் வந்தது. ஐஸ் பெட்டியோடு பெண்கள் பொன்னேரி ஸ்டேஷனில் நின்று வாங்க வருகிறவர்களிடம் கொடுத்தார்கள். அண்ணி போனை எடுத்தவுடன், முன்பின் தெரியாதவரிடமும், "சொல்லுங்க, எறா வேணுமா, நண்டு வேணுமா?" என்று கேட்கிற குரலில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

அடுத்த வருஷம் எங்கள் கம்பெனிக்கு ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். வீட்டுக்கே மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற கடை. பழவேற்காட்டு இறால், நண்டு என்று யார் தேடினாலும் தங்கள் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்றார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க அந்த ஊர்தானே? இது உங்களுக்குன்னே வந்த வேலை." என்னை வேலையில் நிரந்தரமாக்குவது பற்றி முடிவெடுக்க வேண்டிய மாதம் அது. முதல் இடத்தில் இருப்பது என் அண்ணியின் பக்கம், அதைக் கீழே தள்ள என்னால் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் மறுத்தால் இன்னொருவர் செய்யப் போகிறார், பெரிய கடை வந்தால் நம் பெண்களிடமும் வாங்குவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பவும் இல்லை.

எனக்குத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்த வார்த்தைக்கு ஆள் வருகிறது என்று எனக்குத் தெரியும், அந்தப் பட்டியலைச் செய்தவளே நான்தான். அண்ணி சொன்ன பதில்களை எடுத்துப் பேச்சு வாசனை போகும்படி மாற்றி எழுதினேன். கடைக்காரர்கள் உண்மையான படம் ஒன்று கேட்டார்கள். என் கைபேசியில் இருந்ததை அனுப்பினேன். அண்ணியிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். 'எங்கள் மீனவப் பெண்கள்' என்று அதன் கீழே எழுதிப் போட்டுக்கொண்டார்கள். அண்ணியிடமோ அந்த நாலு பெண்களிடமோ அவர்கள் ஒரு இறால்கூட வாங்கியதில்லை. எங்கோ இருந்த பண்ணைகளிலிருந்துதான் வந்தது. அதுவும் எனக்கு சீக்கிரமே தெரிந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் கடையின் பெயர் முதலில் வந்தது. பெண்களின் பக்கம் யாரும் விரலை நகர்த்திப் போகாத ஆழத்துக்கு இறங்கியது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். கத்தியை என் கையில்தான் கொடுத்தார்கள். அதே வாரத்தில் அண்ணி கூப்பிட்டாள்.

"ஏன்டி, அஞ்சாறு நாளா ஒரு போனும் வர்ல. என் போனு கெட்டுப் போச்சா இன்னா?"

"சீசன் அப்படி அண்ணி. நெறைய பேரு மாலை போட்டிருப்பாங்க."

"அப்டின்ற? எதுக்கும் நீ ஒரு தபா அடி. மணி வருதான்னு பாக்குறேன்."

வைத்துவிட்டு நான் அவள் நம்பரை அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "வருதுடி. நல்லாத்தான் இக்குது" என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்துவிட்டாள். நான் சொன்ன எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது வெறும் தவறாக முடிந்திருக்கும், துரோகம் ஆகியிருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணன் சொல்லித்தான் கேட்டேன், அவன் பக்கத்தில் நின்றிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டு மீன் கடைத்தெருவில் அண்ணி இறால் கூறு வைத்து உட்கார்ந்திருந்தாள். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஓர் அம்மாள் அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்திருக்கிறார். கைபேசியை எடுத்து அதையும் அண்ணி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். "நீதானே இது? உன் முகத்தைப் பார்த்துத்தானேம்மா நம்பி வாங்கினேன். அழுகினதை அனுப்பி என் குழந்தையை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிட்டியே" என்று கத்தினாராம். கூட்டம் கூடிவிட்டது. அண்ணி தான் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை என்று சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் படத்தை எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். படத்தில் இருப்பது அண்ணிதான் என்பதை யாரால் மறுக்க முடியும்? அவர் மேல் தப்பு சொல்லவும் முடியாது. பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களே அண்ணியின் கூறிலிருந்து ஒரு இறாலை எடுத்து முகர்ந்து பார்த்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் ஊருக்குப் போனேன். அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நீ எட்த்த படந்தான அது?"

"ஆமா அண்ணி."

"அவங்க திருடிக்கினாங்களா, நீ குட்த்தியா?"

திருடிவிட்டார்கள் என்று சொன்னால் நம்பியிருப்பாள். என் பக்கம் நின்று அவர்களைத் திட்டியும் இருப்பாள். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

"நான்தான் குடுத்தேன்."

முறம் நின்றது. "எங்களுக்குப் போனு வராம போச்சே, அது?"

"அதுவும் நான் செஞ்ச வேலைதான். அவங்கள மேல ஏத்துனேன். நம்மளுது கீழ போயிடுச்சி."

முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மணி வருதா பாக்கணும், ஒரு தபா அடின்னு சொன்னனே. அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "என் மொகம் எதுலயும் இருக்கக் கூடாது. எட்த்துடு" என்று மட்டும் சொன்னாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

கடையின் தளத்தில் படத்தை மாற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வேறு ஏதோ ஊர்ப் பெண் ஒருத்தியின் படத்தை வைத்தார்கள். அழுகிய இறால் போனதற்கு, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த ஆள் மேல் பழியைப் போட்டு முடித்துக்கொண்டார்கள். பெண்களின் தளத்தை நானே மூடினேன், அதிலும் அவள் முகம் இருந்ததே. ஆனால் அதற்குள் அந்தப் படம் எங்கெங்கோ போயிருந்தது. இறால் தொக்கு செய்முறை எழுதுகிறவர்கள், சுற்றுலா பற்றி எழுதுகிறவர்கள், ஊர் பேர் தெரியாத வேறு கடைகள் என்று கையில் கிடைத்தவர்கள் எல்லாம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தேடிக் கடிதம் எழுதினேன். சிலர் எடுத்தார்கள், பலர் பதிலே போடவில்லை. ஒன்றை மேலே கொண்டுவரும் வித்தை எனக்குத் தெரியும். ஒன்றை இல்லாமல் ஆக்குவது எப்படி என்று அன்றைக்குத்தான் யோசித்தேன், தெரியவில்லை. அண்ணி தன் வாயால் பேசி, தன் நம்பரோடு இருந்த ஒரே இடம் போய்விட்டது. அவள் முகத்தை வைத்துப் பிறர் விற்கிற இடங்கள் மட்டும் மிச்சமாயின.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. வேலை நிரந்தரமாயிற்று, இப்போது எனக்குக் கீழே எட்டுப் பேர் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள், இதைச் செய்தால் யாருக்காவது நஷ்டமா என்று கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. அந்த நாலு பெண்களில் இரண்டு பேர் எண்ணூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணி இன்னும் ஏரியில் இறங்குகிறாள். பிடித்ததைக் கரையில் வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருகிறாள். கடைத்தெருவில் உட்காருவதில்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். படகை விட்டு இறங்கி வீட்டு வாசலில் நின்றதும், "வாங்க, உக்காருங்க" என்றாள். முதலில் என் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குத்தான். சாப்பிட உட்கார வைத்து, சோறு போட்டு, இறால் குழம்பு ஊற்றினாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அண்ணி, புதுசா ஒண்ணு செஞ்சி தரட்டா? படமே வேணாம். உன் நம்பர் மட்டும் போட்டு."

ஊற்றிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "வேணாங்க. எறா வேணுங்கிறவங்க கரைக்கு வந்து கேக்கட்டும்" என்றாள். கோபம் துளியும் இல்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, வந்த விருந்தாளியைக் கேட்பது போல், "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன்.