நாயகனின் சட்டைக்குள் ஒரு கை

கண்ணாடி முன்னால் நின்று அவர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். முகத்தை அல்ல, கைகளை. முழங்கையிலிருந்து விரல் கணு வரை நுரை. முகத்தில் சில நாள் தாடி அப்படியே இருக்கிறது.

“மூஞ்சிய விட்டுட்டு கைய ஷேவ் பண்ற ஒரே ஆம்பள நீங்கதான். சீக்கிரம் வெளிய வாங்க, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு” என்று மனைவி கதவைத் தட்டுகிறார்.

“மூஞ்சிய யாரு பாக்கப் போறா? எல்லாரும் பாக்குறது கையத்தான்.”

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குக் ‘கையண்ணன்’ என்று பெயர். திரையில் கதாநாயகன் ஓவியம் தீட்டினாலும், காதல் கடிதம் எழுதினாலும், நெருக்கத்தில் தெரியும் கை இவருடையது. அந்தக் கைகளைப் பச்சைக் குழந்தையைப் போல வளர்க்கிறார். காய் நறுக்குவதில்லை, பாத்திரம் துலக்குவதில்லை. (“நல்ல சாக்கு” என்பது மனைவியின் கருத்து.) பேருந்துக் கம்பியைக் கைக்குட்டை வைத்துத்தான் பிடிப்பார். கோபம் வந்தால் மேசையைத் தட்டமாட்டார், காலால் உதைப்பார்.

யாருடைய கோடும் அவருக்கு வரும். அரசவை ஓவியர் வரைந்தது வேண்டுமென்றால் இழை இழையாக நகை வரைவார். குழந்தை வரைந்தது வேண்டுமென்றால் சூரியனுக்கு மூக்கு வைப்பார். “உங்க ஸ்டைல் எதுண்ணே?” என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். “என்ன வேணும்னு சொல்லு, அதுதான் என் ஸ்டைல்” என்று அவரே முதலில் சிரிப்பார். இப்போதெல்லாம் பதில் மட்டும் வருகிறது, சிரிப்பு வருவதில்லை.

காரணம், இப்போது எடுக்கும் படம். கதை ஒரு வரிதான்: வரைய வராமல் போன ஓவியன் ஒருவனுக்கு மறுபடி வரைய வருகிறது. கடைசிக் காட்சியில் அவன் வரையும் ஓவியம்தான் படத்தின் உயிர். அதற்கு மாதிரி எதுவும் தரமாட்டேன் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இயக்குநர் ஒரு பெண்; கையண்ணனின் மகள் வயதுதான் இருக்கும்.

“நீங்களா வரைங்கண்ணே. உங்களுக்குத் தோணுறத.”

“விளையாடாதம்மா. எனக்கு என்ன தோணும்? நீ சொல்றதுதான் தோணும்.”

“இந்தத் தடவ சொல்லமாட்டேன்.”

வீட்டில் வரைந்து பார்த்தார். ஒரு மலை, ஒரு முகம், மழையில் ஒரு தெரு. மகள் தட்டில் ஒரு கையும் போனில் ஒரு கண்ணுமாக எட்டிப் பார்த்தாள். “நல்லாத்தான்பா இருக்கு. ஆனா எங்கயோ பாத்த மாதிரி இருக்கு.” சோற்றோடு போகிற போக்கில் சொன்ன சொல். அவர் படுக்கைக்குப் போகும்வரை அதையே மென்றுகொண்டிருந்தார். அவள் சொன்னது சரிதான். மலை ஒரு பழைய படத்துக்காக வரைந்தது. முகத்தின் கண்கள் ஒரு காலண்டரில் பார்த்தவை. எத்தனையோ பேரின் கோடுகள் குடியிருக்கும் கையில் சொந்தக்காரருக்கு ஓர் அறையாவது மிச்சமிருக்கிறதா? அதைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் கடலும் படகுமாக ஒன்றைத் தேர்ந்தார். யாரும் குறை சொல்ல முடியாத படகு. கண்ணை மூடினாலும் வரும்வரை பழகினார்.

படப்பிடிப்பு அன்று, தாளிலிருந்து நாயகனின் முகம் வரை வெட்டாமல் ஒரே ஷாட். நாயகன் தன் கையை முதுகுப்புறம் மடக்கிக்கொள்ள வேண்டும். கையண்ணன் அவருக்குப் பின்னால் குட்டை ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்து, அந்தச் சட்டைக் கைக்குள் தன் கையை விட வேண்டும். தாள் அவருக்குத் தெரியாது. முழங்காலருகே வைத்த சின்ன மானிட்டரில் பார்த்துத்தான் வரைய வேண்டும். உடைகளைக் கவனிக்கும் பெண்மணி, தளத்தில் எல்லாருக்கும் தையலக்கா, சட்டையைப் பிரித்துப் பிடித்தார்.

“கைய விடுங்கண்ணே.”

அவர் வலது கையை நீட்டினார்.

“அண்ணே, இது லெஃப்டு.”

நாயகன் இடது கைக்காரர். இதுவரை கையண்ணன் எல்லாவற்றையும் வலது கையால், இடம் வலமாக மாற்றி வரைந்தார். பிறகு எடிட்டிங்கில் காட்சியைப் புரட்டிவிடுவார்கள். புரட்டிப் புரட்டியே பழகியதில் ஒருவருக்கும் நினைவில்லை. இந்த ஷாட்டில் முகமும் வருகிறது. புரட்டினால் நாயகனின் கன்னத்து மச்சம் அடுத்த கன்னத்துக்குப் போய்விடும்.

“நானே மறந்துட்டேன்” என்றார் நாயகன்.

“தள்ளி வைக்கலாமாண்ணே?” என்றார் இயக்குநர். நாயகன் மறுநாள் வேறு படத்துக்குப் போகிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“விடும்மா. பாத்துக்கலாம்.”

“நல்லவேளை, ரெண்டு கையையும் ஷேவ் பண்ணியிருக்கீங்க” என்று தையலக்கா அவரது இடது கையைச் சட்டைக்குள் செருகித் தைத்தார்.

கரித்துண்டு தாளைத் தொட்டது. படகு வரவில்லை. காய்ந்த குச்சி மாதிரி ஒரு கோணல் கோடு வந்தது. அதன்மேல் இன்னொன்று. நாயகனின் அக்குள் வியர்வை கையண்ணனின் நெற்றியில் சொட்டியது. அந்த அக்குளின் சந்து வழியாகத் தையலக்கா தெரிந்தார். கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, உதடுகளுக்கிடையே ஊசிகளைக் கவ்விக்கொண்டு, தையல் பிரிந்துவிடுமோ என்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

கோணல் கோடு அந்தத் தோளாயிற்று.

இடது கைக்கு யாருடைய கோடும் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் நின்று, இனி எந்தப் பக்கம் என்று கேட்டது. அவர் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உதடு இவ்வளவு இறுகியிருக்குமா? பார்த்தார். இருந்தது. வரைந்தார்.

“கட்! ஓகே!” என்று இயக்குநர் கத்தினார். கைதட்டல். “பின்னிட்டீங்க சார்” என்று யாரோ நாயகனிடம் ஓடி வந்தார்கள். ஒரு விளக்கு அணைந்தது, மானிட்டரும் இருண்டது.

சட்டைக்குள் இருந்த கை நிற்கவில்லை.

“அண்ணே, கட் சொல்லிட்டாங்க. முதுகு போச்சு எனக்கு” என்றார் நாயகன்.

அக்குளுக்குக் கீழிருந்து தாடி முளைத்த ஒரு தலை வெளியே வந்தது. தாளைப் பார்த்தது. தையலக்காவைப் பார்த்தது. அவர் ஓர் ஊசியை வாயிலிருந்து எடுத்திருந்தார்.

“அக்கா, அத மறுபடி வாயில வைங்க. சார், நீங்க கொஞ்சம் அசையாதீங்க.”

நாயகன் முதுகை நிமிர்த்தி அப்படியே உட்கார்ந்தார். இடது கை இன்னும் வரையாத காதை நோக்கிப் போனது.