ஆப்பிள் பெட்டிப் பலகையில் நான்கு வரிகள்

போன மாதம் ஆன்லைனில் ஒரு புத்தக அலமாரி வாங்கினேன். அலமாரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வந்தவை சில பலகைகளும் ஒரு பொட்டலம் திருகாணியும். மீதியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அட்டையைக் கிழித்ததும் பைன் மரத்தின் வாசனை குப்பென்று எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. கையில் திருகாணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று வீட்டில் கேட்டார்கள். சிம்மக்கல் வந்துவிட்டது என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

அப்போதெல்லாம் ஆப்பிள் மரப்பெட்டியில்தான் வரும், உள்ளே வைக்கோல் மெத்தையோடு. மதுரை சிம்மக்கல் பழ மண்டிகளில் பெட்டியை உடைத்துப் பழத்தை எடுத்த பிறகு பலகைகள் ஓரமாகக் குவிந்து கிடக்கும். அப்படி ஒரு மண்டிக்கு மேலே மாடியில் இருந்தது என் தோழி ஜமுனாவின் வீடு. மண்டிக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒடுக்கமான படிக்கட்டு. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது. வைக்கோல் சிதறி எப்போதும் வழுக்கும். நான் விழாத மாதம் கிடையாது.

தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. மதுரையில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வாசலில்தான் விழ வேண்டும். நாங்கள் இருவரும் எம்.சி.ஏ. கடைசி வருஷம். எனக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம். பருத்தியும் வெங்காயமும் போடுகிற குடும்பத்திலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்த முதல் ஆள் என்பதால் ஊரில் எனக்கு நல்ல மரியாதை. முதல் வருஷத்துக் கணக்குப் பேப்பர் ஒன்றில் நான் அரியர் வைத்திருந்தது ஊருக்குத் தெரியாது.

அந்தப் பேப்பரின் முதல் பகுதியே தருக்கம்தான். அதை நடத்திய சாருக்கு எங்களைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். மீசையை நம்பித்தான் வகுப்புக்குள் நுழைவார். ஒருநாள், "ஆத்துல வெள்ளம் வந்தா தரைப்பாலத்த மூடுவாங்க. தரைப்பாலத்த மூடியிருக்காங்க. அதனால ஆத்துல வெள்ளம் வந்திருக்கு. இந்த வாதம் செல்லுமா?" என்று கேட்டார். செல்லும் என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான். பின்னாலிருந்து ஜமுனா, "அழகர் எறங்குற அன்னிக்கும் மூடுவாங்க சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. ஒரு வாதம் செல்லாது என்று காட்ட அப்படி ஒரு நிலைமை போதும். சொன்ன கூற்றுகள் எல்லாம் மெய்யாக இருக்க, முடிவு மட்டும் பொய்யாகிவிட வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதற்குத்தான், நடக்கக்கூடியதை எல்லாம் ஒன்று விடாமல் வரி வரியாக எழுதி அட்டவணை போடுவது.

அட்டவணையில் எல்லோருக்கும் தகராறு வரும் இடம் ஒன்று உண்டு. இது நடந்தால் அது நடக்கும் என்கிறோம். இது நடக்கவே இல்லை, ஆனால் அது நடந்துவிட்டது. அப்போதும் சொன்ன சொல் மெய்தான் என்கிறது தருக்கம். அதெப்படி என்று வகுப்பே சண்டைக்கு நின்றது. சார் மீசையைத் தடவிக்கொண்டு, "நீ பாஸ் பண்ணா பரோட்டா வாங்கித் தாரேன்னு சொல்றேன். நீ பெயிலு. பாவமேன்னு அப்பவும் வாங்கிக் குடுத்துட்டேன். நான் வாக்குத் தவறிட்டேனா?" என்றார். கடைசி பெஞ்சில் ஒருவன், "நீங்க தெய்வம் சார்" என்றான். எனக்கு அன்று மனதில் நின்றது பரோட்டா மட்டும்தான். அரியர் பின்னே சும்மாவா வரும்?

என்னைக் கரையேற்றும் பொறுப்பை ஜமுனா எடுத்துக்கொண்டாள். மண்டியிலிருந்து பலகைகளைப் பொறுக்கி வருவோம். தெருமுனை இஸ்திரிக் கடையில் அணைந்த கரித்துண்டு கிடைக்கும். வெளுத்த பைன் பலகையில் கரியால் எழுதினால் அச்சடித்தது மாதிரி தெரியும். நான்கு வரி அட்டவணை ஒரு பலகையில் அடங்கும், எட்டு வரி என்றால் இரண்டைச் சேர்த்து வைக்க வேண்டும். நிரூபணம் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதியாக வேண்டும் என்பாள் ஜமுனா. நான் மூன்றாவது வரியிலிருந்து ஒரே தாவாக முடிவுக்குப் போய்விடுவேன். "நடுவுல எப்படிடி வந்த? ஆட்டோ புடிச்சா?" என்று கேட்பாள். எழுதித் தீர்ந்த பலகைகளை அவள் அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவார். எத்தனையோ நிரூபணங்களில் அந்த வீடு குளித்திருக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜமுனாவின் அப்பா முன்பே காலமாகிவிட்டார். சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்து அம்மாதான் வீட்டை நடத்தினார். அவர்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டுக்குள் பேச்சு அந்த மொழியில்தான். நான் போய்விட்டால் எனக்காகத் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். ஜமுனாவின் அண்ணன் ரவி, சூரத்துக்கு மில் வேலைக்குப் போனவன். "எங்க ஆளுகல்லாம் குஜராத்துல இருந்து நடந்தே வந்தாங்களாம். இவன் ரயிலேறித் திரும்பிப் போயிட்டான்" என்று ஜமுனா கேலி செய்வாள். ஆரம்பத்தில் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஞாயிறுதோறும் ரவியின் போன் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு வரவில்லை. தேடிப் போன உறவினர் ஒருவர், அந்த மில்லில் இப்போது அப்படி யாரும் இல்லை என்று வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சு முழுக்க அவன் வரவில்தான் தொடங்கும். ரவி வந்ததும் வெள்ளையடிக்கலாம். ரவி வந்ததும் அந்த ஃபேனை மாற்றலாம். சுவரின் பச்சை உதிர்ந்துகொண்டே இருந்தது, ஃபேன் கடகடத்துக்கொண்டே இருந்தது. மத்தியான நேரத்தில் கீழிருந்து ஆரஞ்சு வாசனை ஏறிவர, அந்தக் கடகடப்பைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் காலம் நகர்வதாகவே தோன்றாது. அந்த வீட்டை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இப்படி இருக்கும்போது ஜமுனாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அம்மா, "ரவி வந்தா நீ தாராளமாப் போ" என்றார். ஜமுனா தன்னோடு வந்துவிடச் சொன்னதற்கு, "அவன் வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிட்டான்னா?" என்றார். ஜமுனா சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்து போவாள். போனால் அம்மா தனி. போகாவிட்டால் அந்த வேலை இல்லை, அதன் பிறகு அவளுக்கும் எல்லாமே ரவி வந்ததும்தான்.

சனிக்கிழமை மத்தியானம். நான் ஒரு வாதத்தைப் பலகையில் எழுதி, செல்லும் என்று அடியில் கோடு போட்டு நீட்டினேன். இது நடந்தால் அது நடக்கும், இது நடக்கவில்லை, ஆகவே அதுவும் நடக்காது. ஜமுனா வழக்கம்போல அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் திட்டத் தொடங்கியவள் பாதியில் நின்றாள்.

"இதத்தான்டி எங்கம்மா எனக்குச் சொல்றாங்க."

புதுப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு தையல் மிஷினருகே போய் உட்கார்ந்தாள். "அம்மா, ரவி வந்தா நான் போலாம்னு சொன்னீங்கள்ல? நடக்கக்கூடியது மொத்தம் நாலுதான். பாருங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். ரவி வந்தான், ஜமுனா போனாள். ரவி வந்தான், ஜமுனா போகவில்லை. ரவி வரவில்லை, ஜமுனா போனாள். ரவி வரவில்லை, ஜமுனா போகவில்லை. "ரெண்டாவதுல மட்டுந்தான் உங்க வாக்குத் தப்பும். மூணாவதப் பாருங்க. அவன் வரல, நான் போயிட்டேன். அப்பவும் உங்க வாக்குத் தப்பல." அம்மா அதை அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பரோட்டா சார்கூட இதற்கு மார்க் போட்டிருக்க மாட்டார்.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தார். அவர் கண் மூன்றாவது வரியில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரவி வரவில்லை என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அட்டவணை என்றால் எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்ற பழக்கத்தில் ஜமுனா அதை இரண்டு தடவை எழுதிவிட்டாள். அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். முந்தானையால் அழிக்கப் போனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்டி. மேல ரெண்டு வரியில வாரான்ல?"

"வாரான்மா."

"இம்புட்டு நாளு யாரு கேட்டாலும் உச்சுக்கொட்டிட்டுத்தான் போனாங்க. ஒருத்தரும் அவன் வருவான்னு எழுதிக் காட்டல." பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பாதிக்குப் பாதி வாரான். போதும். நீ பொட்டியக் கட்டு."

எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தப் பலகை மட்டும் வெந்நீருக்குப் போகவில்லை. மிஷினுக்குப் பின்னால், சுவரில் சாத்தியே இருந்தது. மதுரைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

நான் அரியரை முடித்து ஒரு வழியாக வேலைக்கும் போனேன். ஜமுனா சென்னைக்காரி ஆனாள். அம்மா கடைசிவரை சிம்மக்கல்லை விட்டு நகரவில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்தபோது ஜமுனா வந்து கூடவே இருந்தாள். "இப்ப நாம எந்த வரியிலடி இருக்கோம்?" என்று ஒருநாள் கேட்டாராம். "இன்னும் முடியலம்மா" என்றாளாம் ஜமுனா. எனக்குப் போனில் சொன்னபோது, "வேற என்னத்தச் சொல்ல?" என்று கேட்டாள்.

வீட்டைக் காலி செய்தபோது நானும் போயிருந்தேன். பலகையைத் தேடினோம், கிடைக்கவில்லை. கடைசிக் குளிருக்கு அம்மாவே அடுப்பில் போட்டிருப்பார் என்றாள் ஜமுனா. போட்டிருக்க மாட்டார் என்றேன் நான். காரணம் எழுதச் சொன்னால் எனக்கு எழுதத் தெரியாது.

பழ மண்டிகள் மாட்டுத்தாவணிப் பக்கம் போய்விட்டன. ஆப்பிள் இப்போது அட்டைப் பெட்டியில் வருகிறது. எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தும் மனதில் நிற்கவில்லை. ஜமுனாவின் வீட்டை மண்டியோடு சேர்த்து இடித்து, உயரமாக ஒரு கட்டடம் கட்டிவிட்டார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே லிஃப்ட். எதிரே ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். அட்டவணையில் அவன் வருகிற வரி இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. வந்தால் அவன் ஏறி வர அந்தப் படிக்கட்டுத்தான் இல்லை.