இரண்டு ஊரிலும் பகலான நேரம்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் பன்னிரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று நான்காம் வகுப்பு படிக்கும்போது வீட்டில் அறிவித்தவள் நான். அக்காவின் டிக்கெட்டில் அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே கிளம்பி, அதே சனிக்கிழமை இரவு பத்தரைக்கு அங்கே இறங்குகிறாள். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா என் தலையில் தட்டினார்.

"இன்னாடி கணக்கு இது? அது அந்த ஊரு கடியாரம். நாம ஒம்பதரை மணி நேரம் முன்னாடி இருக்கோம். அதையும் கூட்டு."

துபாயில் மாறி ஏறுவதையும் சேர்த்து இருபத்திரண்டு மணி நேரம். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதை என் கண்டுபிடிப்பாக்கிக்கொண்டு பக்கத்து வீடுவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணமான அக்கா, விசா கிடைத்து, அங்கிருக்கும் கணவரிடம் போகிறாள். எனக்கு அதில் ஒரே லாபம், அவளுடைய கட்டில். அதுவரை பாயில் படுத்தவள் நான். அவள் அறையைப் பெருக்கினால் உடனே குடியேறிவிடலாம். ஆனால் ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கே.கே. நகரிலிருந்து தாம்பரம் போகிறவர்களுக்கு அது ஒரு மணி நேரச் சங்கதி. இதற்கு ஒரு நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஞாயிறு காலை அக்கா போன் செய்தாள், சேர்ந்தாயிற்று. பேசி முடிப்பதற்குள் துடைப்பத்தோடு நின்றேன்.

"அங்க இப்ப ராத்திரி. விளக்கு வச்சப்புறம் யாராவது பெருக்குவாங்களா?" என்றாள் அம்மா.

"இங்க விடிஞ்சிடுச்சேம்மா!"

"பொண்ணு அங்கதானே இருக்கா?"

சாயங்காலம் கேட்டால் இங்கே விளக்கு வைத்தாயிற்று. மறுநாள் காலை மறுபடியும் அங்கே ராத்திரி. இதில் அநியாயம் என்னவென்றால், ஹாலையும் சமையலறையையும் அம்மாவே பெருக்கிவிட்டாள். சட்டமெல்லாம் அக்காவின் அறைக்கு மட்டும்தான்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் நோட்டில் இரண்டு கடிகாரம் வரைந்தேன். இங்கே மாலை நான்கு என்றால் அங்கே காலை ஆறரை. இரண்டு ஊரிலும் வெளிச்சம்! அம்மாவின் மூக்குக்கு நேரே நோட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, பெருக்கு. கட்டிலுக்கு அடியில மட்டும் விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

குப்பையே அங்கேதான் இருந்தது. விடுவேனா? குப்புறப் படுத்து, ஒரு துளி மிச்சமில்லாமல் இழுத்தேன். கிளம்பும் அவசரத்தில் அக்கா தலையிலிருந்து உதிர்ந்த மல்லிகை, சீப்பிலிருந்து எடுத்துப் போட்ட முடிச்சுருள், ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அத்தனையையும் முறத்தில் அள்ளித் தெருமுனைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பாராட்டு வாங்க ஓடிவந்தேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், பேசவில்லை. காபிகூடப் போடவில்லை. எனக்கு அழுகை வந்தது, ரோஷமும் வந்தது. ஒரு கணக்கில் தோற்றதற்கு அம்மாவுக்கு இவ்வளவு கோபமா என்று, பட்டறையிலிருந்து வந்த அப்பாவிடம் வாசலிலேயே கோள் சொன்னேன்.