நெளிந்துபோன தீர்த்த பாட்டில்

சிங்கப்பூரில், பொங்கோல் பகுதியில் புது வீடு கிடைத்ததும், கிரகப்பிரவேசத்துக்குத் திருச்சிப் பக்கத்து அம்மன் கோயில் தீர்த்தம்தான் தெளிக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். அம்மாவும் நானும் போனோம். விமானத்தில் கைப்பையோடு அனுமதிக்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தீர்த்தம் பிடித்தோம்.

திரும்பும்போது நடுவானில் விமானம் குலுங்கியது. அம்மா பாட்டிலைத் திறந்து என் தலையில் தெளித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் தூங்கிய சீனப் பெரியவருக்கும் இரண்டு சொட்டு. பிறகு இறுக்கி மூடினார்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பையைத் திறந்தால், யாரோ கழுத்தை நெரித்ததுபோல் பாட்டில் ஒடுங்கிக் கிடந்தது. அம்மாவின் முகமும் அப்படியே ஆனது.

ஃபேரர் பார்க்கில் எங்கள் பழைய வீட்டில் அத்தை காத்திருந்தார். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் நல்ல நாள்கூட அவர் ஒப்புக்கொண்டால்தான் நல்ல நாள்.

பாட்டிலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "ஆத்தா முகத்தைச் சுளிச்சிட்டா. தை மாசத்துக்குத் தள்ளிப் போடுங்க."

"அண்ணி, இந்த வீட்ட வாங்கினவங்ககிட்ட அடுத்த வாரம் சாவிய குடுக்கணுமே!" அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் வேறு. இதற்காகத்தானே படிக்க வைத்தார்கள்? எழுந்து நின்றேன்.

"அத்தை, மேல பறக்குறப்ப பிளேனுக்குள்ள பிரஷர் கம்மி. அம்மா மூடினப்ப அந்தக் காத்து உள்ள மாட்டிக்கிச்சு. கீழ வந்ததும் வெளிய பிரஷர் கூடி அமுக்குது, உள்ள காத்தோட வால்யூம் குறையுது. அவ்வளவுதான்."

"அது கெடக்கட்டும்லா. ஆத்தாவுக்குக் கோபம் இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

நிரூபித்தே தீர்வது என்று மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போக, பாட்டில் டப்பென்று நிமிர்ந்தது. வென்றுவிட்ட பெருமையோடு அத்தையைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மூச்சு விட்டுட்டாடா! கோபம் தணிஞ்சிருச்சு. குறிச்ச நாள்லயே பால் காய்ச்சுங்க!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மறுபடி விளக்க வாயெடுத்தேன். அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

பால் பொங்கியது. அடுத்து வந்த பரீட்சையில், அழுத்தம் கூடினால் வாயுவின் கனஅளவு குறையும் என்பதற்கு அன்றாட உதாரணம் கேட்டார்கள். பாட்டிலை எழுதினேன், ஆத்தாவை விட்டுவிட்டேன். முழு மதிப்பெண்.

பாட்டில் இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்கும் அதுதான் காரணம் என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். என்னால் முழுசாக மறுக்கவும் முடியவில்லை.