தெருவைக் கழுவிய சங்கம்

தபீதாள் டீச்சருக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். சேலையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் பி.டி. டீச்சராக இருந்தவள். மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவளை நிற்க வைக்கிற தொண்டை. ஓய்வு பெற்ற கையோடு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆனந்தா நகரில் அவளும் கணவர் அசரியாவும் ஒரு மாடி வீடு கட்டிக்கொண்டார்கள். மனை விற்ற புரோக்கர் நல்ல காற்றோட்டமான இடம் என்று சொன்னான். பாவம், பொய் சொல்லவில்லை. காற்று நன்றாகத்தான் அடித்தது. அதில் என்ன வரும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டான்.

குடிவந்த கொஞ்ச நாளில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பழைய அலுமினியத்தை உருக்கும் பட்டறை ஒன்று வந்தது. ஓட்டை இன்ஜின், நசுங்கிய குண்டான், பிளாஸ்டிக் உறை கழற்றாத ஒயர் என்று எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்கோடு உலையில் போடுவார்கள். விடியும்போது உலை பற்றும். செத்த எலியையும் செருப்பையும் சேர்த்து வேகவைத்தது போல ஒரு நாற்றம் படுக்கை வரை வரும். மூடி வைத்த பாலில்கூடக் கரித்துகள் மிதக்கும். உலர்ந்த வேட்டியை உதறினால் தூள் பறக்கும். காலையில் முகம் கழுவும்போது மூக்கைச் சிந்தினால் வாஷ்பேசினில் மை கொட்டிய மாதிரி இருக்கும். தினமும் பார்த்தும் அது அவளுக்குப் பழகவில்லை.

எல்லா வீட்டிலும் இதே கதைதான், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவருக்கு அந்தப் பட்டறையில் மச்சான் வேலை செய்கிறான். இன்னொருவருக்கு வீட்டை விற்கிற யோசனை இருக்கிறது, புகை என்று வெளியே தெரிந்தால் விலை போகாது. தபீதாள் வீடு வீடாகப் படியேறி, கெஞ்சி, அதட்டி, கடைசியில் நலச்சங்கத்தைக் கூட்டினாள். தலைவர் யக்ஞநாராயணன், பேங்கில் மேனேஜராக இருந்தவர். யாரையும் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு வாய் காபி கொடுத்துப் பேசினால் உலகத்தில் தீராத விஷயமே இல்லை என்பது அவர் நம்பிக்கை. முதல் கூட்டத்தில் புகையைப் பற்றிப் பேசியதைவிட, போண்டா எந்தக் கடையில் வாங்கியது என்று பேசியதுதான் அதிகம். அடுத்தடுத்த கூட்டங்களில் தபீதாள் போண்டாவை நிறுத்தினாள். அதன் பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் மனு போனது. திரும்பத் திரும்பப் போனது.

அவளுக்கு ஏன் இத்தனை வேகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒரே மகள் ஜென்சி, இரும்புலியூரில் வாக்கப்பட்டவள், வெகுநாள் காத்திருந்து இப்போது உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் ஜெபம் பண்ணி, பூ வைத்து, மகளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கீழ் அறைக்குப் புதுத் திரைகூடத் தைத்து வைத்துவிட்டாள். ஆனால் ஜென்சியின் மாமியார் அமலராணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா எனக்கே இருமல் விடமாட்டேங்குது. வயித்துப் பிள்ளைக்காரியை எப்படி அனுப்பறது? புகையை நிறுத்துங்க, நானே கொண்டாந்து விடறேன்."

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் தபீதாளுக்கு ஆறவில்லை.

ஒருவழியாக ஆய்வுக்கு ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. தபீதாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். மாடியைப் பெருக்காதீர்கள், ஜன்னலைத் துடைக்காதீர்கள், கரி இருக்கிறபடியே இருக்கட்டும், வருகிறவர் கண்ணால் பார்க்கட்டும். தன் வீட்டு மொட்டைமாடியில் அவள் துடைப்பம் போட்டு நாளாயிற்று. கால் வைத்தால் அச்சு விழும். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நம்பிக்கையில் முந்தின நாள் இரும்புலியூருக்குப் போய், இனி விடிந்துவிடும் என்று சம்பந்தியிடம் சொல்லி, மகளோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தாள்.

காலையில் ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் ஏதோ வேறு நகருக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். ரோடு ஈரமாகப் பளபளத்தது. மதில்களில் சுண்ணாம்பு காயவில்லை. வாசலுக்கு வாசல் கலர்க் கோலம். ஜன்னல் கண்ணாடிகளில் வானம் தெரிந்தது, அதுவும் நீல வானம். உலை அன்று பற்றவே இல்லை. யக்ஞநாராயணன் சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். தெருவில் தண்ணீர் போதவில்லையாம், பட்டறைக்காரரிடமே கேட்டாராம், அந்தப் பெரிய மனுஷன் காசு வாங்காமல் ஒரு லாரித் தண்ணீர் அனுப்பினாராம். அதிகாரி இன்றைக்கு வருகிற விஷயத்தையும் அவரிடம் இவரே சொல்லியிருந்தார். சொல்லாமல் செய்தால் மரியாதையாக இருக்காது அல்லவா என்று இவளையே கேட்டார்.

அவள் மாடிக்கு ஓடினாள். தளம் நிலவு மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அங்காளம்மாள் கையில் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தாள்.

"அய்யாதான் தேய்க்கச் சொன்னாருக்கா. நான் இன்னா பண்ணுவேன்."

அவள் கீழே இறங்கி வந்தபோது அசரியா வாசற்படியில் அயர்ன் பண்ணின சட்டையோடு நின்றார். ஒரு ஆபீசர் வருகிற வீட்டை இந்த லட்சணத்திலா வைத்திருப்பது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷரை அவள் வெறுத்ததில்லை. அன்று வெறுத்தாள். அவரையும், கோலத்தையும், சுண்ணாம்பையும், உபசாரமே உயிர் என்று கிடக்கும் அந்தத் தெரு மொத்தத்தையும் வெறுத்தாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். இளநீர் குடித்தார். தெருவை மேலும் கீழும் பார்த்தார். தபீதாள் விடாமல் மாடிக்கு அழைத்துப் போனாள். அவர் கைப்பிடிச் சுவரை விரலால் தடவினார், விரலைப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. இதைவிடச் சுத்தமான தெருவை நான் பார்த்ததில்லையே அம்மா, எதற்கு இத்தனை புகார் என்று சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். யாரோ ஒருவன் எல்லாவற்றையும் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். யக்ஞநாராயணன் சரிகைக் கரை போட்ட வெள்ளைப் பொன்னாடையை விரித்தார்.

தபீதாள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். முகத்தில் வைத்து, ஒரு தடவை பலமாக மூக்கைச் சிந்தி, அதிகாரியின் கண்ணுக்கு நேராக விரித்துப் பிடித்தாள். வெள்ளைத் துணியில் தார் போலக் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"இதை எந்த லாரித் தண்ணி ஊத்திக் கழுவுவீங்க சார்?"

அதிகாரி நாலடி பின்வாங்கிக் கைக்குட்டையால் வாயை மூடினார். சளிக்கு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தெருவே முகத்தைச் சுளித்தது, புகையைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. படித்த பொம்பளை செய்கிற காரியமா என்றார்கள். ஒவ்வொரு மூக்கிலும் அதே கரிதான் இருந்தது, ஆனாலும் அத்தனை பேரும் அவளை விட்டுத் தள்ளி நின்றார்கள். யக்ஞநாராயணன் சங்கத்தின் சார்பில் அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஜீப் வரை போனார். ஜீப் மறைந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, உலை பற்றிவிட்டது.

சாயங்காலம் அமலராணி கூப்பிட்டாள். வீடியோ கைமாறிக் கைமாறி இரும்புலியூருக்கும் போயிருந்தது. அந்த அம்மாள் திட்டவில்லை, குரல்தான் உடைந்திருந்தது. கண்ணால் பார்த்த பிறகு இனி அனுப்புகிறேன் என்று சொல்ல மனசு வரவில்லை சம்பந்தி என்றாள். பக்கத்திலிருந்து ஜென்சி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை சொன்னா சொல்லட்டும்மா. நீ வான்னு சொல்லு, இப்பவே ஆட்டோ பிடிச்சு வந்துடறேன்."

மகள் வர வேண்டும் என்றுதான் இத்தனையும். ஆனால் வாஷ்பேசினில் தினமும் தண்ணீரோடு போனதை வெள்ளைத் துணியில், பகல் வெளிச்சத்தில், காலையில் மற்றவர்களோடு சேர்ந்து தபீதாளும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருந்தாள். நம்ப வைக்க வேண்டிய ஆள் நம்பவில்லை. அவள் நம்பிவிட்டாள்.

"வராதே ஜென்சி. பிள்ளை பிறந்த அப்புறமும் இங்க தூக்கிட்டு வராதே."

"அப்ப நீ எப்பம்மா பார்ப்பே?"

"நான் அங்க வரேன். வந்து குளிச்சுட்டு, வேற சேலை மாத்திக்கிட்டு, அப்புறம்தான் பிள்ளையைத் தொடுவேன்."