சாரலை நம்பிய பேராச்சி அக்கா

மழை பொய்த்த அந்த இரண்டு வருஷமும் எனக்கு முழங்கால் வலி. தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில் ஒரு குடத்தை, நான் எழுந்திருக்கும் முன்னே, பக்கத்து வீட்டுப் பேராச்சி அக்கா என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கேட்டால், "நானா? நீ கும்பிடுத அம்மன் வச்சிருப்பா" என்பாள்.

தென்காசியில் எங்கள் தெருவில், புருஷனை இழந்து, வீட்டுக்குப் பின்னால் நின்ற எலுமிச்சை மரங்களை நம்பிப் பிழைத்தவள் அவள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் சுமந்து ஊற்றியும் மூன்று மரந்தான் மிஞ்சியது.

ஆனியில் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்றார்கள். நான் இசக்கியம்மனுக்கு விளக்குப் போட்டேன். அக்கா அப்போதும் குடத்தோடு மரத்தடியில் நின்றாள்.

"ஊரே நனையுது, நீ இன்னும் கழுவுன தண்ணியச் சுமக்கியாக்கும்" என்று எதிர்வீட்டு மணிமுத்து அண்ணாச்சி கேலி செய்தார். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தை இறக்கிவிட்டாள்; அன்றோடு மரத்துக்குச் சுமப்பதை நிறுத்தினாள்.

இலையெல்லாம் மினுங்கியது. ஆனால் எங்கள் ஊர்ச் சாரல் பூப்போலத் தூவும். பின்னாலேயே காற்று வந்து துடைத்துவிடும். பிஞ்சுகள் உதிர்ந்த பிறகுதான் அக்கா தூரைக் கொத்திப் பார்த்தாள். உள்ளே வெறும் புழுதி. மறுபடியும் சுமந்தாள்; அழுதுகொண்டே சுமந்தாள். மூன்று மரமும் பட்டுப்போயின.

ஆலங்குளத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவானது. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அவள் பஸ் ஏறிய அன்றுதான். ஏறுகிறபோது, தோட்டத்து வேலிக்கதவைப் பூட்டிவிடவா என்று கேட்டேன்.

"பூட்டாதட்டி. சாரலுக்குப் புல்லு மொளச்சிருக்கு. ஆடாவது மேஞ்சிட்டுப் போவட்டும்" என்றாள்.